வியாழக்கிழமை அடுப்பு

அந்தப் பள்ளிக்கூடத்துக் குசினியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். ஒன்பது வருடமும் அங்கே அடுப்பைப் பற்றவைக்க எனக்கு உரிமை இல்லை. வெங்காயம் வெட்டலாம், மாக் குழைக்கலாம், கோழி கழுவலாம், முந்நூறு பிள்ளைகளுக்கான சூப்பை நின்று கிளறலாம். நெருப்பு மட்டும் என் கையால் மூளக்கூடாது. சிட்னியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு யூதப் பள்ளிக்கூடம் அது. அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைக்க வேண்டும், அப்போதுதான் அதில் வேகிறது அவர்களுக்குச் சாப்பிடக்கூடிய சாப்பாடு. அதற்குப் பிறகு யார் சமைத்தாலும் குற்றமில்லை.

முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தொட்டால் நெருப்புக்கும் தீட்டோ என்று மனதுக்குள் கறுவியபடியே வேலை செய்தேன். வீட்டுக்கு வந்து சட்டிகளை அடுக்கும்போதுதான் என் நினைப்பு என்னையே குத்தியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் அன்றைக்கு அடுப்பில் ஏறாது. வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக வைத்திருந்த சட்டியில் ஒருமுறை என் கணவரின் தம்பி முட்டை அவித்துவிட்டான். அந்தச் சட்டியை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கிழமை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நான் இன்னொருவரின் அடுப்பைப் பற்றிக் குறை சொல்ல வாய் திறக்கலாமா? இதுகளும் எங்களைப் போலத்தான், விசர்ச் சனம் என்று நினைத்ததும் கோபம் ஆறிவிட்டது.

அடுப்பைப் பற்றவைப்பவர் சுப்பவைசர் அம்மா. எழுபதைத் தாண்டியவர், மெலிந்த தேகம், தலையில் எப்போதும் ஒரு நீலத் துணி. குசினியில் எல்லாம் அவர்களுடைய முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பால் பக்கத்துக் கரண்டி இறைச்சிப் பக்கத்துக்குப் போகிறதா, கீரையில் பூச்சி இருக்கிறதா, முட்டைக்குள் இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு கண்ணாடிக் குவளைக்குள் உடைத்து ஊற்றி, தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பெரிய கோப்பைக்குள் விடுவார். காலையில் வந்ததும் முதல் வேலை அடுப்பு. கொளுக்கியில் தொங்கும் நீளமான லைட்டரை எடுத்து அடுப்பையும் அதன் கீழே இருக்கும் அவணையும் பற்றவைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் தாளில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பள்ளிக்கூடம் முழுவதும் சாப்பிட்டது.

எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். அப்போது என்னிடம் இருந்தது, முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசா ஒன்று, மூன்று மாதம் மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த விசாக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து, "என் அப்பாவும் ஒரு கடிதத்தோடுதான் இந்த ஊரில் வந்து இறங்கினார், இவள் நாளைக்கே தொடங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்குள் அது தமிழாகத்தான் படிந்து கிடக்கிறது.

குசினியில் மூன்றாவது ஆள் பாத்திரம் கழுவும் தங்கச்சி. கூடப்பிறந்தவள் இல்லை. மதுரைப் பக்கத்தவள், குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து வருவாள். நான் மெரிலேண்ட்ஸிலிருந்து. இருவரும் விடிவதற்கு முன் ஒரே ரயிலைப் பிடித்து, பிறகு ஒரே பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போவோம். என் "ஓம்" அவளுக்குப் பெரிய பகிடி. "அக்கா, நீங்க ஆமான்னு சொல்றதே சாமி கும்பிடுற மாதிரி இருக்கு" என்பாள். அவளிடமிருந்து அந்த "ஓம்" சுப்பவைசர் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

வாசலில் உயரமான மதில், இரும்புக் கதவு, காவலுக்கு இரண்டு பேர். தினமும் என் கைப்பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஒரு நெருப்புப்பெட்டியும் கற்பூர டப்பாவும் கிடக்கும். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிறபோது தேவைப்படும் என்று வைத்தது, எடுக்கவே மாட்டேன். முதல் நாள் காவலாளி கற்பூரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். கோயில் என்றேன், விட்டுவிட்டான். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு இவ்வளவு காவல் ஏன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பயம் என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். என் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் இருந்து, நண்டுக் குழம்பு வாசம் கைவிரலில் தங்காமல் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவேன்.

வாரம் முழுவதும் அந்தப் பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமையை நோக்கித்தான் நடக்கும். அன்று மாலைதான் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும். வெள்ளி பகல் எல்லாப் பிள்ளைகளும் மண்டபத்தில் கூடுவார்கள். சின்ன வகுப்பில் ஒரு பெண்பிள்ளையும் ஒரு ஆண்பிள்ளையும் அந்த வாரத்துக்கு அம்மாவும் அப்பாவும். அந்தப் பெண்பிள்ளை தலையில் துணி போட்டுக்கொண்டு மெழுகுதிரிகளுக்கு முன்னால் கண்ணைப் பொத்திக்கொள்வாள். பையன் திராட்சைச் சாற்றைச் சிந்தாமல் தூக்கிப் பிடிக்கப் படாதபாடு படுவான். முன்வரிசைக் கதிரைகளில் தாத்தா பாட்டிகள் இருந்து சேர்ந்து பாடுவார்கள். பிறகு பின்னல் போட்ட ரொட்டியை, எங்கள் பேச்சில் பாணை, பிய்த்து எல்லோருக்கும் கொடுப்பார்கள், சூப் வரும். அந்தப் பாணும் சூப்பும் வியாழக்கிழமை எங்கள் அடுப்பில் செய்தவை. நான் பின்கதவடியில் தள்ளுவண்டியோடு நின்று பார்ப்பேன். முன்னால் கடைசிக் கதிரையில் சுப்பவைசர் அம்மா இருப்பார். அங்கே அவருடைய பேரப்பிள்ளை யாரும் படிக்கவில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன்மார் இரண்டு பேரும் மெல்பேர்னில். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாட்டி. எந்தப் பிள்ளை பாணை இரண்டாம் தரம் கேட்டது என்று அன்று பின்னேரம் வரைக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசி வருடம் மாரிகாலத்தில் தொடங்கியது அது. ஒரு வியாழக்கிழமை பாணைத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோனால் அவண் குளிர்ந்து கிடக்கிறது. தாளில் கையெழுத்து இருக்கிறது, நேரம் இருக்கிறது, நெருப்பு இல்லை. போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. "நான் பற்றவைத்தேன். நீ எதையோ திருகி அணைத்துவிட்டாய்" என்று என் மேல் பாய்ந்தார். பிறகு அவரே போய்ப் பற்றவைத்தார். வீட்டுக்குப் போகிற நேரம் வந்து என் கையைப் பிடித்து, "இதை யாரிடமும் சொல்லாதே, டார்லிங்" என்றார். "இந்த வேலையையும் எடுத்துவிட்டால் நான் அந்த ஃபிளாட்டில் இருந்து சுவரைத்தான் பார்க்க வேண்டும்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. வேலையில்லாமல் வீட்டில் இருந்து சுவர் பார்த்த காலம் எனக்கும் இருந்தது. விசா முடிவு வரும் வரும் என்று ஒன்றரை வருடம் பார்த்த சுவர் அது.

இரண்டாம் தரம் குளிர்ந்த அடுப்பைக் கண்டபோது நான் அவரிடம் போகவில்லை. அவர் பின்னறையில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கொளுக்கியிலிருந்து லைட்டரை எடுத்தேன், பற்றவைத்தேன், திரும்பவும் மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பினால் தங்கச்சி பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, நீங்க பத்த வைக்கக் கூடாதுல்ல?"

"தெரியும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

"அதுக்கில்லக்கா. அவங்க சாமி விஷயம். நாளைக்குத் தெரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"மனுசி மறந்துபோச்சுது. வயசான ஆக்களைப் போய் ஒவ்வொரு நாளும் குத்திக் காட்டச் சொல்லுறீரோ?"

அவள் பைப்பைத் திறந்துவிட்டுத் தன்பாட்டில் கழுவத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் சுப்பவைசர் அம்மா ஓடி வந்தார். அவணைத் திறந்து பார்த்தார், மூடினார், என்னைப் பார்த்தார். "பற்றவைத்தேனா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்ததும் நான் செய்தது பெரிய புண்ணியம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலையில் தாளில் கையெழுத்து வைக்கும் முன் அவர் என் பக்கம் திரும்பி, "ஓம்?" என்பார். நானும் "ஓம்" என்பேன். பெரும்பாலான நாட்களில் அவர் பற்றவைத்திருப்பார். சில நாட்களில் இல்லை. அப்படியான நாட்களில் அவர் பின்னறைக்குப் போகும் வரை பார்த்திருந்து நான் பற்றவைப்பேன். எத்தனை தரம் என்று எண்ணி வைக்கவில்லை. ஆறோ, ஏழோ, அதற்கும் கூடவோ. எல்லாம் இரக்கத்தில்தான் செய்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. என் வாயைப் பார்த்துத் தன் நாளைத் தொடங்கும் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் என் சொல்லுக்கு அவ்வளவு பெறுமதி அதுவரை யாரும் தந்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் தள்ளுவண்டியோடு நிற்கும்போது மட்டும் அந்தப் புண்ணியத்தை என்னால் நம்ப முடியாது. பிள்ளைகள் கண்ணை மூடிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பாணை வாயில் வைப்பார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் அதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிச் சாப்பிடுவார். எனக்கு என் பழைய சட்டி ஞாபகம் வரும். என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். கணவரின் தம்பி பாவம், தெரியாமல் செய்தவன்.

தங்கச்சி பஸ்ஸில் திரும்பவும் ஒரு நாள் சொன்னாள். "அக்கா, இது எங்க போய் முடியும்? அவங்ககிட்டயாச்சும் தனியா சொல்லிடுங்க. அவங்களே கௌரவமா ஓய்வு வாங்கிட்டுப் போகட்டும். பெருசா விழா வச்சு அனுப்புவாங்க."

"பிறகு மனுசி என்ன செய்யிறது?"

"அது அவங்க முடிவு இல்லையாக்கா?"

அவள் சொன்னது சரி. சரியென்று தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த தரிப்பிடம் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மழை. நாங்கள் உள்ளே போகும்போது சுப்பவைசர் அம்மா ஏற்கனவே வந்து தாளில் கையெழுத்து வைத்திருந்தார். "நான் முட்டை பார்க்கிறேன்" என்று பின்னறைக்குப் போனார். அன்று அவர் "ஓம்?" என்று கேட்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அவணைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. கொளுக்கியைப் பார்த்தால் லைட்டரையும் காணவில்லை. மனுசி எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோயிற்று என்று நினைத்தேன். மாப் பொங்கி வந்துவிட்டது, கோழி கழுவி வைத்தாயிற்று. உடை மாற்றும் அறைக்குப் போய் என் கைப்பையிலிருந்து கற்பூரத்துக்கு வைத்திருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து வந்து பற்றவைத்தேன். எரிந்த குச்சியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

சூப் கொதி வந்த நேரம் அவர் வந்து அடுப்படியில் நின்றார். பானையையும் நெருப்பையும் பார்த்தார். அமைதியாகக் கேட்டார்.

"இன்றைக்கு நான் பற்றவைத்தேனா?"

"ஓம்."

அவர் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு லைட்டரை வெளியே எடுத்தார்.

"நேற்றுப் பின்னேரம் இதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்," என்றார். "இன்றைக்கு நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே பற்றவைக்கவில்லை. கையில் எழுதிக்கொண்டு வந்தேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நீல மையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: பற்றவைக்காதே, அவளிடம் கேள்.

தங்கச்சி தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

"எத்தனை தரம்?"

"தெரியாது. ஆறு, ஏழு இருக்கும்."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

அழத் தொடங்கிவிட்டேன். உங்களுக்காகத்தான் செய்தேன், உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் செய்தேன் என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அழவில்லை.

"மறப்பது என் நோய்," என்றார். "அதற்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். என் கையெழுத்தை நம்பி இந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நான் உன் சொல்லை நம்பிக் கையெழுத்து வைத்தேன்."

பிறகு அவரே அடுப்பை அணைத்தார். அவரே ரபாயிடம் போனார். ரபாய் என்றால் அவர்களுடைய மதகுரு, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு விஷயத்தில் கடைசிச் சொல் அவருடையது. போகும்போது என்னையும் வரச் சொன்னார். ரபாய்க்கு நாற்பது வயதுதான் இருக்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், சுப்பவைசர் அம்மாவின் கையால் பாண் வாங்கித் தின்று வளர்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்போதிருந்து இப்படி நடக்கிறது என்று சுப்பவைசர் அம்மாவிடம் கேட்டார்.

"இவளிடம் கேள்," என்றார் அவர் என்னைக் காட்டி. "ஞாபகம் இருக்கிறவள் இவள்தான்."

ரபாய் சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சூப்பையும் பாணையும் கொட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரை எந்தப் பாத்திரத்திலும் சமைக்க வேண்டாம், அதன் பிறகு எல்லாவற்றையும் கொதிநீரில் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பெற்றோருக்குத் தானே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம் என்று சுப்பவைசர் அம்மா கேட்டுக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பெரிய பானைகளைக் கவிழ்த்தோம். கோழித் துண்டும் கரட்டுமாகக் கறுப்புப் பைகளுக்குள் போய் விழுந்தது. அவள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

மறுநாள் மண்டபத்தில் கடையில் வாங்கிய பாண், பிளாஸ்டிக் பையோடு. சூப் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, எப்போதும்போலப் பாடினார்கள். முன்வரிசையில் கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது. ஒரு சின்னப்பிள்ளை தள்ளுவண்டியடிக்கு வந்து, சூப் எங்கே என்று கேட்டது. அடுத்த வாரம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. சட்டி, பானை, கரண்டி எல்லாவற்றையும் மினுங்க மினுங்கத் தேய்த்து வைத்திருந்தோம். இருப்பதில் பெரிய பானையில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினோம். சுப்பவைசர் அம்மா ரபாயோடு வந்தார். அது அவருடைய கடைசி நாள். விழா ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தங்கச்சி சொன்னபடி அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அந்த விழாவைப் பார்த்திருப்பேன். பிள்ளைகள் எல்லோரும் பாடியிருப்பார்கள்.

இது வெறும் தண்ணீர், யார் பற்றவைத்தாலும் பரவாயில்லை என்று ரபாய் சொன்னார். சுப்பவைசர் அம்மா கேட்கவில்லை. "இதையும் நான்தான்" என்றார்.

லைட்டரை எடுத்து அடுப்புக்கு முன்னால் நின்றார். கிளிக் என்று அழுத்தினார். காஸைத் திருகவில்லை. லைட்டரின் சிறிய சுவாலை எரிந்தது, அதை வளையத்தைச் சுற்றிக் காட்டினார், எடுத்துவிட்டார். அடுப்பு அப்படியே கிடந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் நான் அந்தத் திருகைத் திருப்பிவிடலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரபாய் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சுப்பவைசர் அம்மா பானையின் அடியில் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது.

"ஓம்?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "நோ," என்றேன். "இன்னும் இல்லை."

அவர் தலையாட்டினார். லைட்டரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, திருகுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.